மஞ்சள் பட்டை கட்டியவள் வரும்வரை

தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது எங்கள் தெருவில் யாருக்கும் அது பிடிபடவில்லை. வல்லம் வடகாலில் பிள்ளைகள் ஐ.டி.ஐ. படிப்பார்கள், டிப்ளமோ படிப்பார்கள், முடித்ததும் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "மூணும் ஒண்ணா படிச்சா, எந்த வேலைக்குடி போவ?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. உதவித்தொகையோடு கூப்பிட்டார்கள், போனேன்.

முதல் வருஷம் முழுக்கப் பயந்துகொண்டே படித்தேன். வகுப்பில் மற்றவர்கள் வீட்டில் பேசுவதுபோல இங்கிலீஷில் பேசினார்கள். நான் கதவோரம் உட்காருவேன். ஆசிரியரின் பார்வை என் பக்கம் திரும்பினால் நோட்டில் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொள்வேன். தத்துவ வகுப்பில் ஒருநாள், ஒரு உண்மையைச் சொன்னால் வேறொருவருக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தும் அதைச் சொல்லலாமா என்று விவாதம் வைத்தார்கள். எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு நிலைமையில் நிஜமாகவே மாட்டிக்கொண்டவர் எப்படி நடுங்கியிருப்பார் என்று ஒருவருமே கேட்கவில்லையே என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

வீட்டில் அம்மா, அக்கா, நான். அக்கா பிளஸ் டூ முடித்த கையோடு ஒரகடம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்தால் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துத் தீர்ப்பாள்.

"இன்னாக்கா, உங்க கம்பெனில தண்ணியே இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கீது. குடிச்சா பாத்ரூம் போவணும் இல்ல?"

அப்போதுதான் விவரமாகச் சொன்னாள். லைன் நிற்கக்கூடாது. ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் உட்கார ஆள் வேண்டும். அந்த மாற்றாளுக்கு ரிலீவர் என்று பெயர். கையில் மஞ்சள் பட்டை கட்டியிருப்பாள். கை தூக்க வேண்டும், சூப்பர்வைசர் தலையாட்ட வேண்டும், பிறகு மஞ்சள் பட்டை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு லைன் முழுவதற்கும் ஒரே ஒரு ரிலீவர். புதிதாக வந்த பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே அழுவார்களாம். தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகி, அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து வாலாஜாபாத் டாக்டரிடம் போய்வந்திருந்தாள். அது எனக்கும் அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வருஷத்தில் பொருளாதார மேடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை மூன்று பாடத்தின் கண்ணாலும் பார்க்க வேண்டும். நான் அந்தக் காத்திருப்பை எடுத்துக்கொண்டேன். கை தூக்கியவளுக்கும் பட்டை கட்டியவளுக்கும் இடையில் கழியும் நேரம் யாருடையது? தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்க ஒருத்திக்கு இன்னொருவரின் தலையசைப்பு ஏன் தேவைப்படுகிறது? இன்னொரு ரிலீவரை வைத்தால் ஆகும் செலவு கம்பெனியின் கணக்கில் வரும்; வைக்காவிட்டால் வருகிற நீர்க்கடுப்பு யார் கணக்கில் வரும்? எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"பேரு போடாத. கம்பெனி பேரும் வாணாம். மத்தபடி எழுது, நெசந்தானே" என்றாள். கட்டுரையோடு சேர்க்க நான் வரைந்திருந்த ரிலீவர் படத்தைப் பார்த்து, "பட்ட இடது கையிலடி, நீ வலது கையில போட்டுக்கீற" என்று திருத்தவும் செய்தாள்.

மேடத்துக்குக் கட்டுரை ரொம்பப் பிடித்துவிட்டது. கல்லூரி விழாவில் அதை மேடையில் வாசிக்கச் சொன்னார். முடியாது என்றேன். "எனக்கும் மேடைன்னா பயம்தாம்மா. பேப்பரைப் பார்த்தே படி, போதும்" என்றார்.

விழா அன்று காலை மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலைகளிலிருந்து வந்த விருந்தினர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைப் பார்த்தேன். நீல நாடா, அதில் வெள்ளையில் ஒரு சின்னம். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதும் அதே நாடாதான். அவர் அக்கா கம்பெனியின் எச்.ஆர். தலைவர் என்று மைக்கில் சொன்னார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆப். ஷிப்டில் எல்லாருடைய போனும் லாக்கரில் பூட்டியிருக்கும், தெரிந்ததுதான். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகு மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பேர் எங்கேயும் இல்லையே... சரி, வேண்டாம்னா நிறுத்திடலாம். நீ சொல்லு" என்றார்.

நீ சொல்லு என்றதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. படி என்றோ படிக்காதே என்றோ அவர் அதட்டியிருந்தால் தேவலை. எழுது என்று அக்கா சொன்னாள்தான். ஆனால் இந்த ஆளுக்கு முன்னால் நின்று படி என்று அவள் சொல்லவில்லையே. படத்தையாவது திரையில் காட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். விருந்தினர்களுக்குக் கொடுத்த விழா மலர் அவர் மடியில் விரிந்திருந்தது. இடது கையில் பட்டை கட்டியவளை நான் வரைந்த படம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இனி நான் பேசாமல் இருந்து அக்காவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மேடை ஏறினேன். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன வேகத்தில் படித்தேன் என்று நினைவில்லை. முடித்ததும் கைதட்டினார்கள். அவரும் தட்டிவிட்டு மைக்கை வாங்கினார்.

"நல்லா பண்ணீங்கம்மா. இந்த மஞ்சள் பட்டையை எங்க பார்த்தீங்க?"

"பார்க்கலை சார். கேள்விப்பட்டது."

"யார் சொன்னாங்க?"

"சொல்ல முடியாது சார்."

"உண்மையா இருந்தா சொல்றதுல என்னம்மா?"

"சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க இங்கேயே சொல்லுங்க சார், சொல்றேன்."

யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், ரொம்பச் சாதாரணமாக, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

"வல்லம் வடகால் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிடாமல் கிளம்பி ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பிடித்தேன். வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி பஸ் அக்காவை இறக்கிவிடும் நிறுத்தத்திலேயே நின்றேன். கார் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் ஒவ்வொன்றாய்ப் போகும்போது மண் எழும்பி முகத்தில் அடித்தது. வெயில் தாழ்ந்தபோது கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை.

அவள் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருந்தாள். தென்காசிப் பக்கம். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அவள மத்தியானமே எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டாவ. பொறவு லைனுக்கே வரல. நானும் எல்லா எடத்துலயும் தேடுனேன், பாத்துக்கோ" என்றாள்.

அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் என்னோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அன்றைக்கு அறையில் சமைக்கும் முறை தன்னுடையது என்று போனாள். அக்கா போன் இன்னும் ஸ்விட்ச் ஆப். ஏதாவது பொருளைத் திருடியதாகச் சொல்லிப் போலீசைக் கூப்பிட்டிருப்பார்களோ. பூட்டி வைத்திருப்பார்களோ. வெளியே தள்ளியிருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்? அம்மா போன் செய்தபோது, "வந்துகினே கீறோம்மா" என்று இரண்டு பேருக்குமாகப் பொய் சொன்னேன்.

விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள்.

"இங்க இன்னாடி பண்ற?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

"இன்னாக்கா கேட்டாங்க?"

"வல்லத்துப் பொண்ணுங்க எல்லாத்தையும் கூப்ட்டு உக்கார வெச்சாங்க. யார் தங்கச்சி காலேஜ் படிக்கிதுன்னு கேட்டாங்க. நான் சும்மாதான் இருந்தேன். கடைசி தெருல ஒருத்தி கீறா இல்ல, மாசமா கீறாளே, அவ நாத்தனாரும் உங்க காலேஜ்தானாம். நீதான் சொன்னியான்னு அவள போட்டுக் கொடைஞ்சாங்க. அவ அழுவ ஆரம்பிச்சிட்டா. அதான் எழுந்து சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"என் தங்கச்சிதான், நான்தான் சொன்னேன். அதுல எதுனா பொய் கீதா சார்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அப்புறம் பாக்கலாம்னு உக்கார வெச்சே பஸ்ஸ வுட வெச்சிட்டாங்க." அவள் உதடு வெளுத்திருந்தது. "பயந்துட்டேன்டி. உண்மையா பயந்துட்டேன்" என்றாள். அக்கா அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அசல் பயம். தினமும் காலையில், கேட்டில் அவள் கார்டு வேலை செய்ததா என்று தெரியும்வரை என்னால் வகுப்பில் கவனிக்க முடியாது. போனை லாக்கரில் வைப்பதற்கு முன்னால் "உள்ள வந்துட்டேன்" என்று அனுப்புவாள். கார்டு வேலை செய்தது. பிறகு அவளை லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள், நாள் முழுக்க நின்றபடி வேலை. அவளுடைய பழைய லைனில் இன்னொரு ரிலீவரை வைத்தார்கள் என்று தென்காசிப் பெண் வந்து சொன்னாள். பொங்கல் கழிந்து அக்காவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. வேறு நிறையப் பேருக்கும் அப்போது புதுப்பிக்கவில்லை. அதனால் என் கட்டுரையால் எது நடந்தது, எது தானாக நடந்தது என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் வழியில்லை.

நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னிய அனுப்பினதோட நீயும் நின்னுட்டேன்னு வையி, அந்தாளு ஒரே அடில ரெண்டு பேர வூட்டுக்கு அனுப்பினாப்பல ஆவும். போய்ப் படி."

போனேன். இப்போது கடைசி வருஷம். கதவோரம் உட்காருவதில்லை, ஆனால் மேடையேறச் சொன்னால் முன்வரிசையில் யார் யார் என்று பார்க்காமல் ஏறுவதுமில்லை. அரசியல் பாடத்தில் அதிகாரம் என்ற சொல் வரும்போதெல்லாம், "எந்த ஊரும்மா நீங்க?" என்று அன்பாகக் கேட்ட அந்தக் குரல்தான் காதில் விழுகிறது.

அக்காவுக்கு மறைமலை நகரில் கார் சீட் தைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரம் முடிந்து வந்தவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"இங்க கை தூக்கிகினு நிக்க வாணாம்டி, நினைச்சப்போ எழுந்து போலாம். ஆனா வேற ஒண்ணு கீது. கேளேன்" என்று ஆரம்பித்தாள்.

நான் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.