ரூலர் எடுக்கப் போன நேரத்தில்

ஈஜோக்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, நான் தனியாக இருக்கும் வாடகை வீடு. இன்று காலை படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே, ஈரமண்ணில் ஒரு காலணித் தடம். படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

“செம்பனை வெட்டுறவங்க பூட்ஸ் லா,” என்றார் மாமா.

“இல்ல மாமா, ஜாகிங் சப்பாத்து,” என்றாள் தங்கை. “அக்கா, பக்கத்துல ரூலர் வச்சு இன்னொண்ணு எடு. சைஸ் பாத்துரலாம்.”

பின்கதவு வழியாக உள்ளே போய் ரூலரைத் தேடி எடுத்துவந்து, வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.

மாமா சைஸ் ஒன்பது என்று அடித்துச் சொன்னார்.

தங்கை மட்டும் கேட்டாள்: “அக்கா, மொத படத்துல ஒரு தடம்தானே இருந்துச்சு?”

இரண்டாவது படத்தில் இரண்டு இருந்தன. புதிய தடம் பின்கதவைப் பார்த்து இருந்தது. ரூலர் தேடிய நேரமெல்லாம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

இதைச் சாலையில் நின்றுதான் எழுதுகிறேன். சப்பாத்து என்ன பிராண்டு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் காப்பி குடிக்க வாங்க. அடுப்பை மட்டும் நீங்களே உள்ளே போய்ப் பற்றவைக்க வேண்டும்.