அமாவாசைக் குழம்பில் உப்பில்லை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருச்சி பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். அந்த நெரிசலில் மனுஷனுக்கே நிற்க இடமில்லை, பேய் எங்கே நிற்கும் என்று கேலி செய்வேன். நீங்களும் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

நானும் என் வீட்டுக்காரர் சிவாவும் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். பைக்கில் போவோம், வழியில் பார்க்கிறவர்களோடு பேசுவோம், ஒருவர் சொல்லும் கேள்வியை அடுத்தடுத்த ஊர்க்காரர்களிடம் கேட்போம், அவ்வளவுதான். அன்று மருங்காபுரியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை என்று திட்டம். முதலில் அகப்பட்டவர் பாப்பாத்தி அம்மா, வாசலில் கடலைக்காய் காய வைத்துக்கொண்டிருந்தார். வழியில் எல்லோரிடமும் என்ன கேட்கட்டும் என்றேன்.

"சாப்ட்டீங்களான்னு கேளுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகன் குமரேசன் ஏதோ கோபத்தில் தட்டைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், லாரி மோதி ரோட்டிலேயே போய்விட்டானாம்.

"வெறும் வயித்தோட போயிட்டாம்மா. அமாவாசைக்கு அமாவாசை படைக்கிறேன், காக்கா கிட்டயே வர மாட்டேங்குது. அவனுக்குப் பசி அடங்கலையோ என்னவோ. இன்னைக்கும் அமாவாசைதான், இனிமேதான் உலை வைக்கணும். யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கு போன் போட்டுச் சொல்லுங்க."

சொல்லும்போது கண் கலங்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தோம். பொன்மலையில் டியூட்டிக்கு சைக்கிள் மிதித்துப் போன ஒருத்தர், "காலையிலேர்ந்து டீதாங்க ஓடுது" என்றார். பாலக்கரையில் கடை வைத்திருக்கும் பாய், "நான் இன்னைக்கு நோன்பும்மா, நீங்க சாப்பிடுங்க" என்று எங்களுக்கு மட்டும் சர்பத் வரவழைத்தார்.

மத்தியானம் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். காவிரிக்கரை அம்மா மண்டபம் போகிற வழியில் ரெங்கராஜ் என்று ஒரு பூக்காரர், செத்துப்போன என் அம்மா படத்துக்கு அவரிடம்தான் பூ வாங்குவேன். அமாவாசைக் கூட்டம் குறைந்திருக்க, மாலை கட்டிக்கொண்டிருந்தார். மைக்கை நீட்டினேன். நம்பினால் நம்புங்கள், நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. அவர் தலை நிமிராமல், வீட்டு ஆளிடம் சலித்துக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"சாப்ட்டேன், சாப்ட்டேன். குழம்புலதான் உப்பே இல்ல."

பக்கத்தில் அவருடைய டிபன் டப்பா திறக்காமல் இருந்தது. என்ன சொன்னீங்க என்றேன். "நானா? நான் எங்கம்மா சொன்னேன், இன்னும் சாப்பிடவே இல்லையே" என்றார். கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டியதும் மனுஷன் வேர்த்துப்போனார்.

பாப்பாத்தி அம்மாவுக்கு போன் போட்டேன். "படைச்சுட்டேம்மா. இன்னைக்கும் காக்கா தொடல. அது தொடாம நான் எப்படிச் சாப்பிடுறது" என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் பூக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது, உங்களுக்கும் தெரியும். அது வரைக்கும் அந்தக் குழம்பு அந்த அம்மா நாக்கில் படவே இல்லை. போனில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு சப்புக்கொட்டிப் பார்க்கிற சத்தம்.

"உப்புப் போட மறந்துட்டேம்மா" என்று ஓவென்று அழுதார். "காக்கா தொடாட்டிப் போவுது. எம்புள்ள சாப்ட்டிருக்கான்ல?"

ஆமாம்மா என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் தற்செயல் என்று நானே தள்ளியிருப்பேன். அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த அம்மா வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்தார். படைத்த கையோடு எனக்கு போன் போட்டு, "ஏதாச்சும் சொன்னானாம்மா?" என்பார். அந்தக் குரலுக்காகவே நான் ஸ்ரீரங்கம் போய்ப் பூ வாங்குகிற சாக்கில் நின்றேன். ரெங்கராஜ் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அமாவாசை அன்று மட்டும், தன் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்துவிட்டு, பக்கத்து இட்லிக் கடையில் உப்பு கேட்டு வாங்குவார். மற்ற நாளில் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கே பாவமாகிவிட்டது. போன அமாவாசைக்கு முந்தின நாள் போன் போட்டு, "உப்புப் போட்டே படைங்கம்மா, எத்தனை நாளைக்குத்தான் அப்படியே சாப்பிடுவான்" என்றேன். எதையுமே நம்பாத நான்தான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் ரெங்கராஜ் உப்பு கேட்கவில்லை. டப்பாவை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அம்மா சாப்ட்டாங்களா?" என்றார்.

என் அம்மா உயிரோடு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.