கேமரா மாடல் வாங்கித் தந்த முதல் பரிசு

ஆவடி ஏரிக்கரையில் நடந்த பெண்கள் ஓட்டப் பந்தயத்தில், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பிரிவில் நானும் ஓடினேன். எல்லைக் கோட்டை முதலில் தொட்டது நான்தான். ஆனால் என்னை ஒட்டி ஓடிவந்த பெண்ணுக்கே முதல் பரிசு என்று அறிவித்துவிட்டார்கள். நான் சண்டை போட்டேன். "போட்டோ இருந்தா கொண்டாங்கம்மா, பாக்கலாம்" என்றார் அமைப்பாளர்.

கோட்டருகே நின்று ஒருவர் படம் எடுத்ததும், என் கணவர் அவரோடு பேசியதும் நினைவுக்கு வந்தன.

"அவரு பேரு இன்னா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"பேரு கேக்கல. ஆனா கேமரா ரொம்பப் பழைய மாடல். அந்த மாடல் பேரு நல்லா ஞாபகம் கீது."

"ஆள் பேரை உட்டுட்டு கேமரா பேரையா கேட்டுகினு வந்தீங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ரேவதி ஐ.டி.யில் வேலை பார்க்கிறாள். அவளிடம் புலம்பினேன். "அக்கா, அதுவே போதும். போட்டோ போடுற வெப்சைட்ல எந்த கேமராவுல எடுத்ததுன்னு வச்சே தேடலாம்" என்றாள்.

மாடல் பெயரோடு ஆவடியையும் சேர்த்துத் தேடினோம். ஒரே ஒருவருடைய படங்கள்தான் வந்தன. அவற்றில் நான்! என் கால் கோட்டின் மேல் இருந்தது. அந்தப் பெண் ஓரடி பின்னால் இருந்தார்.

படத்தைப் பார்த்ததும் அமைப்பாளர் முடிவை மாற்றி, கோப்பையை என் கையில் கொடுத்தார். மாடிப்படி அதிரக் கத்திக்கொண்டே வீட்டுக்கு ஏறினேன்.

இப்போதெல்லாம் ஓடுவதற்கு முன்பே, கேமராவோடு நிற்பவரிடம் பெயரும் போன் நம்பரும் வாங்கிவிடுகிறேன். என் கணவர் இன்னமும் கேமராவைத்தான் விசாரிக்கிறார். நான் திட்டுவதில்லை.