உங்களுக்காகக் காத்திருக்கிறார்

மைக்கில் பேசுகிற வேலைக்கு வாய் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்; வாயை அடக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த வேலை நிலைக்கும். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதைத் தகவல் மையத்தில் அறிவிப்பாளன் நான். என்ன சொல்ல வேண்டும் என்று கூட்டம் போட்டு முடிவு செய்து, அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஊர் பெயர், ஆள் பெயர் மட்டும் நான் போட்டுக்கொள்ளலாம். கவுன்டரிலும் கஸ்டமர் கேரிலும் சொல்லிக்கொடுத்ததையே சொல்லிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு விளக்கவா வேண்டும்?

வருகிறது, வருகிறது

பஸ் இல்லை என்று சொல்லக் கூடாது. ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் கூட்டம் ரோட்டை மறித்துவிடுமாம். ஒருநாள் காலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை நான் வரவழைத்துக்கொண்டே இருந்தேன். மதிய வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். திட்டு வாங்கத் தயாரானேன். அவரோ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“பஸ்ஸு எங்க சார் வருது? உங்க குரலுதான் வந்துனே இருக்குது. கொஞ்சம் தண்ணி குடிங்க.”

காணாமல் போன கணவர்

கூட்டத்தில் யாரையும் ‘காணவில்லை’ என்று அறிவிக்கக் கூடாது. கேட்பவர்கள் பதறுவார்கள். ‘இன்னார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்’ என்பதே அட்டையில் உள்ள வாசகம். கணவரைத் தொலைத்துவிட்டு வந்த ஓர் அம்மாளுக்கு இது பிடிக்கவே இல்லை. “நான் ஏன் காத்துனு இருக்கணும்? அவருதான் காணாம போனாரு, அப்பிடியே சொல்லுங்க” என்று சண்டைக்கு வந்தார். நான் அட்டையில் இருந்ததைத்தான் படித்தேன். கணவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எனக்காக காத்துனு இருக்கான்னு மைக்குல கேட்டதும் கால்வலியே போயிடுச்சி சார்!”

தனியாக வந்தவர்

அன்று அவர்கள் கைகோத்துப் போனதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மனைவி தவறிப்போன பிறகு என் வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஊர் முழுக்க என் குரல் கேட்கிறது. வீட்டில் பேச ஆளில்லை.

இந்த நினைப்பிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பௌர்ணமி மதியம், செங்கத்திலிருந்து சகுந்தலா என்ற அம்மாள் வந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்றேன். “யாரயும் இல்லீங்க. வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் கூட வருவாரு. இப்ப தனியாத்தான் சுத்தறேன். எல்லார் பேரும் கூப்புடறீங்களே, என் பேரயும் ஒருவாட்டி கூப்புடுங்க” என்றார். என்னால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். போன வருடம் மைக்கில் ஒரு நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன அறிவிப்பாளரை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கோ இந்த வேலையை விட்டால் பேச இடமே இல்லை. அட்டையைப் பார்த்தேன். காத்திருப்பவர் பெயரில்லாமல் அந்த வாசகத்தைப் படிக்க முடியாது. மைக்கைப் போட்டேன்: “செங்கத்திலிருந்து வந்திருக்கும் சகுந்தலா அவர்களே, தகவல் மையத்தில் ஏழுமலை உங்களுக்காகக் காத்திருக்கிறார்.”

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தார்.

“நீங்கதானா அந்த ஏழுமலை? பாவம், உங்களுக்கும் யாரும் இல்லீங்களா?”

அட்டையில் இருந்ததை ஓர் எழுத்து மாற்றாமல்தான் படித்தேன் என்று எந்த அதிகாரி கேட்டாலும் சொல்வேன். இத்தனை வருடத்தில் நான் படித்ததிலேயே முழு உண்மையான அறிவிப்பு அது ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.