புளித்த திராட்சரசம்

எங்கள் போதகர் இருமல் மருந்துகூடக் குடிக்கமாட்டார், அதில் சாராயம் இருக்கிறதென்று. மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். அந்த வீட்டில் தலைமுறைகளாக ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. ஓய்வுபெற்ற என்னைச் சபைச் செயலாளராக்கியதே மதுவிலக்கு மனு எழுதத்தான். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் மனுக்களை நிராகரித்தவனுக்கு, நிராகரிக்க முடியாத மனு எழுதத் தெரியும் என்பது அவர் கணிப்பு. அது தப்பவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு மதுக்கடையை நாங்கள் அகற்றினோம். அது அடுத்த தெருவுக்குப் போனது.

அவருடைய உண்மையான வெற்றி குப்பத்து மீனவர் ஒருவர். கடற்கரைக் கூட்டமொன்றில் உறுதிமொழி எடுத்தவர், ஓராண்டுக்கு மேலாகத் தொடவில்லை. ஞானஸ்நானமும் பெற்றார். மேடையில் பேசச் சொன்னால், "கடலு ஆடல அண்ணாத்த, நான்தான் ஆடிகினு இருந்தேன்" என்பார். கூட்டம் சிரிக்கும். போதகர் அவரை மகனைப் போலப் பார்ப்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் எங்களுக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும். கடைச் சரக்கை நம்பாத போதகர் உலர்திராட்சையை ஊறவைத்துத் தானே காய்ச்சி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பார். அந்த மாதம் திங்களன்றே காய்ச்சிவிட்டு, திருப்போரூர்ப் பக்கம் மதுவிலக்கு நடைப்பயணம் போய்விட்டார். புயல்காற்றில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. அவர் திரும்பியபோது மின்சாரமும் திரும்பியிருந்தது. பாட்டில் சில்லென்று இருந்தது.

முதல் வரிசையில் முதல் ஆளாக மீனவர் முழந்தாளிட்டிருந்தார். கிண்ணம் அருகில் வந்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். போதகர் அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டு, "குடி தம்பி" என்றார். அவர் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ருசி தெரிந்தவர்கள் சொல்ல முடியாது. எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். எனக்கு அன்று கடுமையான சளி. இதை யாரும் நம்புவதில்லை.

ஆராதனை முடிந்ததும் மீனவர் போதகரின் அறைக்கு வந்தார்.

"அய்யா, அது ஜூஸ் இல்ல. கிட்ட கொண்டாந்தப்பவே தெரிஞ்சிடுச்சி. நீங்க குடின்னீங்க. நீங்களே சொல்லி எப்டி மாட்டேன்றது?"

போதகர் பாட்டிலை மோந்து பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். இன்ன வாசனை என்று ஒப்பிட அவர் வாழ்நாளில் எதுவும் இல்லை. வெளியே போய் மிச்சத்தைத் தென்னை மரத்தடியில் கொட்டினார். அது மண்ணில் முழுக்க இறங்கும்வரை மீனவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே அவர் மதுக்கடைக்குப் போய்விட்டார். போதகர் தினமும் குப்பத்துக்கு நடந்தார். போகும்போதெல்லாம் அவர் சுருண்டு கிடந்தார். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கையில் மீனவரை வேன் அடித்துவிட்டது. அடக்கம் முடிந்தபின் போதகர் நடந்ததை மறைக்காமல் மீனவரின் மனைவியிடம் சொன்னார். மீன் விற்பவள், கணவனோடு ஞானஸ்நானம் பெறாதவள். கேட்டுக்கொண்டாள்.

தன்மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று போதகர் சபைக் கமிட்டியிடம் கேட்டார். விதிகளைப் புரட்டினேன். குடிக்கிற போதகரை என்ன செய்வது என்று இருந்தது. தெரியாமல் குடிக்கக் கொடுத்தவரைப் பற்றி எதுவும் இல்லை. கமிட்டி அவர்மேல் முழு நம்பிக்கை தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அவரை அதைவிடக் கடுமையாக யாரும் தண்டித்திருக்க முடியாது.

அடுத்த திருவிருந்தில், மீனவர் முழந்தாளிட்ட இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாக விட்டுவிட்டார்கள். போதகர் அந்த இடத்துக்கு நேரே கிண்ணத்தை நீட்டியபடி நின்றுவிட்டார். பக்கத்திலிருந்தவர் காத்திருந்து, தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் போய் முழங்கையைத் தொட வேண்டியிருந்தது. தம்பி எப்போதும்போலக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அங்கேயே முழந்தாளிட்டிருந்தான், பார்த்தேன் என்று போதகர் பிறகு என்னிடம் சொன்னார். இனிக் கிண்ணத்தைத் தொடமாட்டேன், ராஜினாமா எழுதித் தாருங்கள் என்றார். அதற்கும் ஒரு முறை உண்டு, மூன்று பிரதி வேண்டும் என்று இழுத்தடித்தேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு, மணி அடிக்குமுன், மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு மீனவரின் மனைவி போதகரின் அறைக்குள் வந்தாள்.

"அந்த பாட்டில குடுங்க. உங்களுக்கு இன்னா தெரியும்? கண்ணாலம் ஆனதுலேர்ந்து தெனம் வாசல்ல நின்னு அவரு வாய மோந்துகினு இருந்தவ நானு."

சபை உறுப்பினரல்லாதவர் அங்கே நுழையலாமா என்று கமிட்டியில் ஒருவர் பின்னால் கேட்டார். தடை செய்யும் விதி எதுவும் இல்லை என்றேன். அன்றைக்கு விதிகள் எனக்குப் பிடித்திருந்தன.

இப்போது மாதாமாதம் வருகிறாள். மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறாள். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொள்கிறாள். அதுவரை போதகர் கைகட்டி, கூண்டில் நிற்பவரைப் போல நிற்கிறார்.

"இதுல அவரு இல்ல. எடுத்துகினு போங்க" என்கிறாள்.

ஆராதனைக்கு இருப்பதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறாள். போதகர் கிண்ணத்தோடு முதல் வரிசைக்கு வருகிறார். காலியான இடத்துக்கு நேரே இன்றும் அவர் கால் நிற்கிறது. எதையும் நீட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் நகர்கிறார்.