கொச்சிக் கரையில் மயிலை

கொச்சியின் பழைய துறைமுகத் தெருக்களில் காலையிலிருந்து நடக்கிறோம். மிளகுக் கிடங்கு, ஏலக்காய்க் கடை, எதைக் காட்டினாலும் என் வீட்டுக்காரர், "இதெல்லாம் நம்ம போடியிலயே இருக்கே" என்கிறார். சின்னமனூரில் பம்புசெட் வராத எங்கள் தோட்டத்தை விட்டு லீவுக்கு வந்த மனிதர். எனக்கு எரிச்சலாக வருகிறது.

கடலோரத்தில் சீனவலை. ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுத்துத் தூக்கும் பெரிய வலை. இன்று ஓர் ஆள் குறைவு; வலை பாதியிலேயே நிற்கிறது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடிக்கிறார்.

"வேண்டா சேட்டா, கை பொள்ளிப் போகும்," என்கிறார் ஒரு மீனவர்.

"கமலை இறைச்ச கையிப்பா, ஒண்ணும் ஆகாது."

கிணற்றில் மாடு பூட்டி இறைக்கும்போது வடத்தில் உட்காருவதுபோல, கயிற்றின்மேல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுச் சாய்கிறார். பழக்கதோஷத்தில் எங்கள் மாட்டையும் கூப்பிட்டுவிடுகிறார்: "ஹை, வா மயிலை!"

மீனவர்கள் சிரித்துக்கொண்டே இழுக்கிறார்கள். வலை எழும்புகிறது. உள்ளே கொள்ளை மீன் துள்ளுகிறது.

மறுபடி இறக்குகிறார்கள். தூக்கும் நேரம் வந்ததும், இவர் வாயைத் திறக்குமுன் அத்தனை பேரும் கத்துகிறார்கள்: "ஹை, வா மயிலை!"

கரையில் நின்று நானும்தான்.