பகல் தூக்கத்துக்கு ஒரு ஏ.சி.

என் வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை. உத்திரமேரூர் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆட்களை ஏற்றி கம்பெனி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடும் வேன் ஓட்டுகிறார். விடிந்துதான் திரும்புவார், பகலில் தூங்கியாக வேண்டும். எங்கள் வீடோ சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரையில் பத்து மணிக்கெல்லாம் உள்ளே வெந்துபோகும். அதனால் யாரோ கழித்துக்கட்டிய பழைய ஏ.சி. ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம்.

அப்படியும் அவர் கண் சிவந்தேதான் வேலைக்குக் கிளம்புவார். ஒருநாள் மானாம்பதி தாண்டியதும் கண் அசந்து, வேன் ரோட்டை விட்டு இறங்கி வயலோரம் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அதன்பிறகு அவர் விடிந்து வீடு திரும்பும்வரை தூக்கம் வராது.

பழசு சரியாகக் குளிரவில்லை, கரண்டை மட்டும் குடிக்கிறது என்று முடிவு கட்டினேன். வாலாஜாபாத்தில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறவள் நான். கணக்கில் என்னை அசைக்க முடியாது என்று ஒரு கர்வம் உண்டு. தினம் எட்டு மணி நேரம் ஓடுகிறது, ஐந்து ஸ்டார் புது ஏ.சி. போட்டால் பாதி யூனிட் போதும், ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாவிட்டால் ரேட்டும் குறையும், அந்த மிச்சத்திலேயே தவணை கட்டிவிடலாம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, வாங்கு" என்றார்.

புதுசு மாட்டி இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்கிறவர் வந்து போனார். பில் கிட்டத்தட்ட பழைய அளவே. எனக்கு வந்ததே கோபம்!

"கடைக்காரன் ஏமாத்திட்டான்யா. நேராப் போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அவன் மேல இன்னா தப்பு கீது? நீ பஸ் ஏறப் போனதும் பழச நிறுத்திடுவேன். ஈரத்துண்ட நெஞ்சுல போட்டுக்கினு படுத்துக்குவேன். நீ வர்ற நேரத்துக்கு மறுபடி போட்டுடுவேன்."

"இன்னாத்துக்குயா அப்டிப் பண்ண?"

"பில்லு வந்தா நீ பேஜாராவுற. புதுசு பாதி கரண்டுதான்னு சொன்னியா, அதான் தைரியமா நாள் பூரா ஓடவுட்டுத் தூங்குறேன்."

பழசு எட்டு மணி நேரம் ஓடியது என்று நான் வைத்ததே தப்பு. ஆனால் எனக்கு வருத்தம் வரவில்லை. இரண்டு மாதமாக அவர் கண்ணில் சிவப்பில்லை. சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஏ.சி.க்கும், அதை விற்றவருக்கும், என் தப்புக் கணக்குக்கும் சேர்த்தே மனசுக்குள் நன்றி சொன்னேன். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் புதுசு வாங்கியே இருக்க மாட்டோம்.

"மிச்சம்தான் ஆவலியே, நாளைலேர்ந்து மறுபடி நிறுத்திடறேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் படுத்ததும் நானே ஏ.சி.யைப் போட்டேன். ரிமோட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.